ஆன்லைன்ல வர்ற வீட்டுத்தோட்ட சொட்டுநீர் கிட்: நம்மூர் டேங்க் தண்ணிக்கு ஒத்து வருமா?

அவசரத்துல இருக்கறவங்க முதல் பாராவோட கிளம்பிடலாம். இந்த கிட்டுல வர்ற, நேரத்துக்கு தண்ணிய தானா தொறந்து மூடற டைமர் நல்லா இருக்கு, தாராளமா வாங்கலாம். கூட வர்ற மெல்லிசு டியூப், செடிகிட்ட தண்ணிய சொட்ட விடற செவப்பு மூடி டிரிப்பர், பிளாஸ்டிக் குச்சி எல்லாம் பால்கனில பத்து தொட்டி வெச்சிருக்கறவங்களுக்கு போதும், பொடக்காளில, அதாவது வீட்டுக்கு பின்னால, மண்ணுல பாத்தி கட்டி காய் போடறவங்களுக்கு ஆகாது. ஏன் ஆகாது, அதுக்கு பதிலா என்ன போட்டோம், எவ்ளோ ஆச்சுங்கறது தான் மீதி, கொஞ்சம் நீளமா போகும்.

கம்பெனி பேரு போடல, கேக்காதீங்க. பேருல ஒண்ணும் இல்ல, டிரிப் கிட்னு தேடுனா வர்றதுல பாதிக்கு மேல ஒரே சரக்கு தான், டப்பால ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் தான் வேற வேற. அதனால நான் சொல்றது கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் பொருந்தும்.

எங்க வீடு பல்லடம் பக்கம். வீட்டுக்கு பின்னால ஒன்றரை சென்ட் கிட்ட காலி இடம், செம்மண்ணு, கொஞ்சம் சரளை. கத்திரி, தக்காளி, வெண்டை, மிளகாய் வரிசையா இருக்கு, கம்பி வேலி ஓரமா அவரை, சின்னதா ஒரு பந்தல் போட்டு புடலையும் பீர்க்கனும், துணி தொவைக்கற கல்லுகிட்ட கறிவேப்பிலை, மூலைல முருங்கை. நானும் அவரும் காலைல எட்டு மணிக்கெல்லாம் வேலைக்கு கிளம்பிடுவோம், தண்ணி விடறது எங்க அத்தை தான். அவங்களுக்கு முட்டி வலி, ஹோஸ இழுத்துட்டு போயி ஒவ்வொரு செடிக்கா குனிஞ்சு நிமிர முடியறதில்ல, அதனால பாத்தில ஹோஸ போட்டுட்டு உள்ள வந்துருவாங்க, ஒரு பக்கம் குளம் கட்டி நிக்கும் இன்னொரு பக்கம் மண்ணு வெடிச்சு கெடக்கும். அதுலயும் ஆடி மாசம் பாலக்காட்டு கணவாய் வழியா வர்ற காத்து இருக்கு பாருங்க, அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல, மேகம் மூடி இருந்தாலும் மண்ணுல ஈரம் நிக்காது, காலைல விட்டது மத்தியானத்துக்கு இருக்காது. ஆடிப்பட்டம் பாத்து விதை போட்டுட்டு நாத்து வாடறத பாத்துட்டு ஆபீஸ்க்கு போறது எவ்ளோ கஷ்டம்னு தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு தெரியும்.

சரி கிட்டுக்கு வர்றேன். வெல 2,400 சொச்சம். டப்பாவுக்குள்ள ஒரு டைமர், விரல் தண்டி கூட இல்லாத கருப்பு டியூப் ஒரு சுருள், முப்பது டிரிப்பர், அத மண்ணுல நட்டு வெக்க குச்சி, டியூப ரெண்டா பிரிக்கற டீ ஜாயின்ட், குழாய்ல மாட்ட ஒரு கனெக்டர், அப்புறம் ஒரு சின்ன புக்கு. புக்குல படம் எல்லாம் அழகா இருக்கு, பச்சைப்புல்லு, மர வேலி, செவுத்துல நேரா ஒரு குழாய். அங்க தான் விஷயமே இருக்கு. அந்த செவுத்துக் குழாய்ல வர்ற தண்ணி தெருக்குழாய்ல இருந்து பிரஷரோட நேரா வர்ற தண்ணி. நம்ம வீட்டுக் குழாய்ல வர்றது மொட்டை மாடி டேங்க்ல இருந்து சும்மா எறங்கி வர்ற தண்ணி. ரெண்டும் ஒண்ணு இல்ல.

மாட்டறது ஒண்ணும் கஷ்டம் இல்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டுட்டு ஆரம்பிச்சு டீ போடறதுக்குள்ள முடிச்சாச்சு. டியூப சுடுதண்ணில முக்கி எடுத்தா வாய் எளகும், டீ சுலபமா உள்ள போகும், இது புக்குல இல்ல, நீங்களும் அப்படியே பண்ணுங்க. எல்லாம் மாட்டிட்டு குழாய திருப்புனா முதல் கத்திரி செடிகிட்ட தண்ணி பீச்சி அடிக்குது. ரெண்டாவதுல நல்லா வருது. அஞ்சாறு தாண்டுனா சொட்டுது. கடைசில மிளகா வரிசை, அங்க டிரிப்பர் நுனில ஒரு சொட்டு தொங்குது, கீழ விழ மாட்டேங்குது. பழைய ஒரு லிட்டர் பாட்டில் ரெண்ட எடுத்து முதல் டிரிப்பர் கீழ ஒண்ணு கடைசி டிரிப்பர் கீழ ஒண்ணு வெச்சு பாத்தேன். முதல் பாட்டில் நெறைஞ்சு வழிஞ்சப்ப கடைசி பாட்டில்ல அடி கூட நனையல. பந்தில மொத எலைல உக்காந்தவங்களே பாயசத்த முழுசா வாங்கிக்கிட்ட கதை தான்.

அந்த செவப்பு மூடிய திருகுனா தண்ணி கூடும் குறையும், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்னு போட்டிருக்கான். பண்ணலாம், யாரு இல்லன்னா. முதல்ல இருக்கறத எல்லாம் எறுக்கி கடைசில இருக்கறத தொறந்தா ஒரு மாதிரி சமமா வருது. ஆனா டேங்க்ல தண்ணி பாதி கொறைஞ்சதும் அத்தனை கணக்கும் மாறிடுது. திரும்ப முப்பதையும் திருகணும். முட்டி வலிக்கறவங்க குனிய வேண்டாம்னு தான் இத வாங்குனதே.

ஏன் இப்படின்னா கணக்கு ரொம்ப சிம்பிள். 10 மீட்டர் உயரத்துக்கு தண்ணி நின்னா தான் ஏறக்குறைய 1 கிலோ பிரஷர் கெடைக்கும், புக்குல 1 பார்னு போட்டிருக்கறதும் கிட்டத்தட்ட அதே தான். தரைத்தளம் மட்டும் இருக்கற வீட்டு மேல டேங்க் இருந்தா தரைல இருந்து 12 அடி, மிஞ்சிப்போனா 15 அடி. அதாவது நம்மகிட்ட இருக்கறது அரைக்கிலோ கூட முழுசா இல்ல. கிட்டுல 1ல இருந்து 3 பார் வேணும்னு சின்ன எழுத்துல இருக்கு. அதோட மெல்லிசு டியூப்ல தண்ணி ஓடும்போது உரசி உரசியே இருக்கற பிரஷரும் போயிடும், டியூப் எவ்ளோ நீளமோ அவ்ளோ நஷ்டம். டேங்க்க தூக்கி வெக்க முடியாது, அப்ப டியூப் தான் பெருசாகணும், டிரிப்பர் தான் மாறணும். அபார்ட்மெண்ட்ல நாலாவது மாடி டேங்க்ல இருந்து தரைக்கு தண்ணி எடுக்கறவங்களுக்கு இந்த கிட்டே நல்லா வேலை செய்யலாம், அவங்க கணக்கு வேற, அத மறந்துட்டு யாரும் கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க.

நான் டைமர மட்டும் வெச்சுகிட்டு மத்தத எல்லாம் கழட்டி சாக்குல போட்டுட்டேன். அடுத்த வாரம் எங்க ஊர்ல மோட்டார், பைப், டிரிப் சாமான் எல்லாம் விக்கற ஒரு கடைக்கு போனோம். தோட்டம் காடு வெச்சிருக்கறவங்க போற கடை, வெளிய பிவிசி பைப்ப அடுக்கி வெச்சிருப்பாங்க, உள்ள ஒரே ரப்பர் வாசம், வீட்டுத்தோட்டம்னு யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க. கல்லால இருந்த அண்ணன் எத்தனை செடின்னு கூட கேக்கல, முதல் கேள்வியே "டேங்க்கு எத்தன அடி உசரத்துலீங்கக்கா இருக்குது?"ன்னு தான். அதுலயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. ஆன்லைன்ல நான் பாத்த ஒரு பக்கத்துல கூட இந்தக் கேள்வி இல்ல.

நான் படிச்சத வெச்சு பிரஷர் காம்பன்சேட்டிங் டிரிப்பர் இருக்காண்ணா, எல்லாத்துலயும் சமமா வருமாமேன்னு கேட்டேன். "இருக்குதுங்க, வெலையும் சாஸ்தி தான். ஆனா அது அரைக்கிலோ பிரஷராச்சும் இருந்தா தானுங்க ஒழுங்கா வேலை செய்யும், உங்குளுது டேங்க்கு தண்ணி, அதுக்கு சாதாவே போதும்"னாரு. வெல கூடுனத வாங்க வந்தவங்ககிட்ட வேண்டாம்னு சொல்ற கடைக்காரர எங்க பாக்க முடியுது சொல்லுங்க. அப்புறம் ஒரு அட்டைய கிழிச்சு அதுல பேனால வரைஞ்சு காட்டுனாரு. 16 எம்எம் லேட்டரல் பைப்ப, அதாவது டிரிப்பர் சொருகற பைப்ப, தோட்டத்த சுத்தி ஓட்டி, கடைசில மூடி போடாம திரும்ப ஆரம்பிச்ச எடத்துக்கே கொண்டாந்து டீ போட்டு சேத்துரணும். தண்ணி ரெண்டு பக்கமும் சுத்தி வரும், அதனால கடைசிச் செடின்னு ஒண்ணு இருக்காது. வட்டத்துல தூரமா இருக்கற எடத்துல ஒரு சின்ன வால்வு வெச்சா அப்பப்ப தொறந்து உள்ள சேர்ற மண்ண வெளிய விட்டுக்கலாம்.

பைப் மீட்டர் 12 ரூபா, 4 லிட்டர் டிரிப்பர் ஒண்ணு 4 ரூபா, 60 மீட்டர் பைப்பும் 70 டிரிப்பரும் எடுத்தோம். ஸ்க்ரீன் ஃபில்டர் ஒண்ணு, டீ, ஜாயினர், வால்வு, பைப்ல ஓட்டை போடற பஞ்ச் எல்லாம் சேத்து 1,700 கிட்ட வந்துச்சு. உங்க ஊர்ல அஞ்சு பத்து முன்னப்பின்ன இருக்கும். பஞ்ச் மட்டும் கண்டிப்பா வாங்குங்க, ஆணிய காய்ச்சி ஓட்டை போட்டா வாய் கோணிக்கும், டிரிப்பர் பக்கத்துல எல்லாம் கசியும்.

4 லிட்டர் டிரிப்பர்னா 1 கிலோ பிரஷர்ல மணிக்கு 4 லிட்டர்னு அர்த்தம். பிரஷர் கால்வாசி ஆனா தண்ணி பாதி ஆகும், அது ஒரு கணக்கு. எங்க டேங்க்குக்கு மணிக்கு ரெண்டரை லிட்டர் கிட்ட வருது, அதே பாட்டில வெச்சு அளந்தேன், முதல் செடிக்கும் தூரத்துல இருக்கற செடிக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. காலைல முக்கால் மணி நேரம் ஓடுனா ஒரு செடிக்கு ரெண்டு லிட்டருக்கு கொஞ்சம் கம்மி, மொத்தமா 130 லிட்டர் கிட்டவே முடிஞ்சுருது. ஹோஸ்ல விட்டப்ப 1,000 லிட்டர் டேங்க்ல பாதி காலியாகும். முத்துன கத்திரிக்கும் பந்தல் கொடிக்கும் ரெண்டு ரெண்டு டிரிப்பர் போட்டுட்டேன். செம்மண்ணுல தண்ணி நேரா கீழ எறங்கும், பக்கவாட்டுல அதிகம் பரவாது, அதனால டிரிப்பர தண்டுக்கு ஒரு சாண் தள்ளி, செடி பெருசானதும் இன்னொரு பக்கமும் ஒண்ணு. கரிசல் மண்ணுன்னா நல்லா அகலமா பரவும், அங்க ஒண்ணே தாராளம், ஆனா நேரத்த கொறைக்கணும், இல்லாட்டி வேர் அழுகிடும்.

இப்ப டைமர். கிட்டுல எனக்கு புடிச்ச ஒரே சாமான் இது தான். டைமர்ல ரெண்டு வகை இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி இத மட்டும் பாத்துருங்க. ஒண்ணு சோலனாய்டு வால்வு, சடக்குன்னு தொறந்து சடக்குன்னு மூடும், உள்ள ஒரு ரப்பர் சவ்வு இருக்கும், அது வேலை செய்யறதுக்கே தண்ணில பிரஷர் வேணும், அரை பார் கிட்ட எதிர்பாக்கும். டேங்க் தண்ணில அது சரியா தொறக்காது, தொறந்தா சரியா மூடாது. இன்னொண்ணு பால் வால்வு, உள்ள சின்ன மோட்டார் இருக்கு, நாம கையால குழாய திருப்பறத அது திருப்புது, பிரஷரே இல்லாட்டியும் வேலை செய்யும். வெவரத்துல 0 பார்ல இருந்துன்னு போட்டிருந்தா அது பால் வால்வு. எனக்கு வந்தது அது தான். காலைல ஆறு மணிக்கு கிர்ர்னு அஞ்சாறு செகண்ட் சத்தம் கேக்கும், அப்புறம் பைப்ல தண்ணி ஓடற சத்தம். அத்தை முதல்ல "ஏம்மா, பின்னால ஏதோ வண்டு கத்துது"ன்னு வெளக்குமாத்த எடுத்துட்டு போயிட்டாங்க.

நேரம் வெக்கறது சுலபம், திருகற மாதிரி ரெண்டு வட்டம் இருக்கு, எத்தனை மணிக்கு ஒரு தடவை, எத்தனை நிமிஷம், அவ்ளோதான். மழைன்னா ஒரு பட்டன், ஒண்ணு ரெண்டு நாள் லீவு போட்டுக்கும். வைஃபை டைமர் எல்லாம் வருது, போன்லயே தொறக்கலாமாம், வெல டபுள், பொடக்காளில வைஃபை எட்டுனா பாத்துக்கோங்க. எனக்கு எட்டாது, தேவையும் படல. காலைல நேரமே ஓடற மாதிரி வெச்சுருங்க, மத்தியானம் வேண்டாம். கருப்பு பைப் வெயில்ல கெடந்து உள்ள நிக்கற தண்ணி கை வெக்க முடியாத சூடாயிருக்கும், அது தான் முதல்ல நாத்து மேல போகும்.

டைமர்ல ஒரு கொறை இருக்கு, பெரிய கொறை தான். பேட்டரி தீரப்போகுதுன்னா ஒரு சின்ன லைட் சிமிட்டும், பகல் வெளிச்சத்துல அது கண்ணுக்கே தெரியாது. ஒரு நாள் சாயந்திரம் தொறந்த வால்வு மூடறதுக்கு பேட்டரில சக்தி இல்லாம அப்படியே தொறந்து நின்னுருச்சு. ராத்திரி பூரா ஓடி டேங்க் காலி. காலைல அத்தை பல்லு வெளக்க குழாய தொறந்தா காத்து தான் வருது. கரண்ட்டும் இல்ல, மோட்டார் போட முடியாது, அவரு குளிக்காம வேலைக்கு போனாரு. "செடிக்கு தண்ணி காட்டற மிசினு மனுசனுக்கு இல்லாம பண்ணிப்போட்டுதே"ன்னு அத்தை சொன்னத தெருவே கேட்டுச்சு. நல்ல டைமர்னா பேட்டரி கொறையும்போதே வால்வ மூடிட்டு நின்னுக்கணும், அப்படி சில மாடல்ல இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி கேளுங்க. நாங்க அதுக்கப்புறம் பிளம்பர கூப்ட்டு தோட்டத்து லைன டேங்க்கோட அடில இருந்து எடுக்காம பாதி உயரத்துல தனி ஓட்டை போட்டு எடுக்க சொல்லிட்டோம். இப்ப என்ன ஆனாலும் கீழ்ப்பாதி வீட்டுக்கு மிஞ்சும். இந்த ஒரு வேலைய எந்த டைமர் போட்டாலும் பண்ணிருங்க. பேட்டரி ஆல்கலைன் போடுங்க, ரிமோட்டுக்கு போடற சீப் பேட்டரி மோட்டார திருப்ப தாங்காது.

தோட்டத்துல வித்தியாசம் எங்க தெரிஞ்சுதுன்னா தக்காளில. முன்னாடி எல்லாம் காய் அடில வட்டமா கருப்பா அழுத்துன மாதிரி ஆகி கெட்டுப்போகும். நெறைய பேரு அத நோய்னு நெனச்சு மருந்து அடிக்கறாங்க. நோயே இல்ல அது, காய்க்கு சுண்ணாம்புச்சத்து போய் சேரல, மண்ணுல சத்து இருந்தாலும் தண்ணி ஒரு நாள் வெள்ளமா ஒரு நாள் வறட்சியா இருந்தா அது மேல ஏறாது. தெனம் ஒரே அளவா ஈரம் கெடைக்க ஆரம்பிச்சதும் அந்த அழுகல் நல்லாவே கொறைஞ்சுருச்சு. பழம் வெடிக்கறதும் கம்மி, காஞ்சு கெடந்த செடிக்கு திடீர்னு தண்ணிய காட்டுனா தான் தோல் தாங்காம வெடிக்கும். எலை நனையாததால கீழ் எலைல புள்ளி விழுந்து கருகறதும் கம்மியாச்சு. அப்புறம் களை. வரிசைக்கு நடுவுல மண்ணு காஞ்சே கெடக்கறதால கோரை மட்டும் தான் அங்கங்க எட்டிப்பாக்குது, அது எதுக்குமே சாகாது, விட்ருங்க. டிரிப்பர் மேல காஞ்ச எலை, தேங்கா மட்டைய பிச்சுப்போட்டு மூடாக்கு போட்டிருக்கோம், கைய உள்ள விட்டா சாயந்திரமும் சில்லுனு ஈரம் இருக்கு.

அதுக்குன்னு சொட்டுநீர் போட்டா பூச்சியே வராது நோயே வராதுன்னு விளம்பரத்துல போடறத நம்பாதீங்க. வெண்டைல எலை நரம்பு மஞ்சளாகுதே, அது வெள்ளை ஈ பரப்பற வைரஸ், நீங்க தண்ணிய எப்படி விட்டாலும் வரும். அதுக்கு ரகம் பாத்து விதை வாங்கணும், அர்கா அனாமிகா எல்லாம் அத தாங்கறதுக்குன்னே பெங்களூர்ல இருக்கற இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டு வந்த ரகம். கத்திரில தண்டு தொளைக்கற புழு வந்தா வாடுன நுனிய கிள்ளி எடுத்து தூரப்போடுங்க, அதுக்கும் டிரிப்புக்கும் சம்பந்தம் இல்ல. இதே கிட்டுக்கு ஒருத்தர் ரிவ்யூல, அவரைக்கு டிரிப் போட்டேன் கொடியா ஓடுது ஒரு காய் இல்ல, ஒரு ஸ்டார்னு போட்டிருந்தாரு. நாட்டு அவரை ஆடில போட்டாலும் பகல் கொறைஞ்சு பனி எறங்கற கார்த்திகை மார்கழில தாங்க பூக்கும், கிட் மேல என்ன தப்பு.

பெரிய தலைவலி எதுன்னா உப்பு. எங்களுக்கு நல்ல தண்ணி எப்பவாச்சும் தான் வரும், தோட்டத்துக்கு எல்லாம் போர் தண்ணி, சப்பத்தண்ணி. துணி தொவைச்சா நொர கட்டாது, அப்படி ஒரு தண்ணி. மூணு நாலு மாசத்துல டிரிப்பர் வாய்ல வெள்ளையா உப்பு படிஞ்சு சிலது நின்னே போச்சு. ஃபில்டர் மண்ணத்தான் புடிக்கும், கரைஞ்சிருக்கற உப்ப புடிக்காது. நின்ன டிரிப்பர பிச்சு எடுத்து வெனிகர்லயோ சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணிலயோ ராத்திரி பூரா ஊற வெச்சு பழைய பல் வெளக்கற பிரஷ்ல தேச்சா சரியாயிருது. திருகி ரெண்டா கழட்டற டிரிப்பர் தான் இதுக்கு வசதி, மொத்தமா ஒட்டி வர்றத கழுவ முடியாது, தூக்கிப்போட்டுட்டு 4 ரூபாய்க்கு புதுசு மாட்டிக்கலாம். விவசாயிங்க லைன்ல ஆசிட் விட்டு சுத்தம் பண்ணுவாங்க, நம்ம 60 மீட்டருக்கு அதெல்லாம் வேண்டாம், கொழந்தைங்க இருக்கற வீடு.

ஃபில்டர வாரத்துக்கு ஒரு தடவை கழட்டி கழுவணும். கழுவாம விட்டா தண்ணி மெதுவா கொறைஞ்சுட்டே வரும், நமக்கு தெரியவே தெரியாது. பைப் கருப்பா தான் இருக்கணும், வெள்ளை டியூப் அழகா இருக்குன்னு வாங்குனா வெயில் உள்ள போயி பாசி புடிச்சு அடைக்கும். அணில் தொல்லை இருக்கற வீட்டுல கோடைல பைப்ப கடிச்சு தண்ணி குடிக்கும், நாங்க முருங்கை அடில ஒரு மண்சட்டில தண்ணி வெச்ச அப்புறம் கடிக்கறது கொஞ்சம் கொறைஞ்சுது, சுத்தமா நிக்கல. கடிச்ச எடத்த வெட்டிட்டு ஒரு ஜாயினர் போட்டா முடிஞ்சுது, கைல எப்பவும் பத்து ஜாயினர் வெச்சுக்கோங்க.

சாணி, கோமியம் எல்லாம் கலந்து பண்ற பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் எல்லாம் இது வழியா விடலாமான்னு கேக்கறாங்க. எவ்ளோ வடிகட்டுனாலும் வீட்டு டிரிப்பர் அடைச்சுக்கும். பஞ்சகவ்யம் 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி கலந்து எலை மேல தெளிச்சுருங்க, ஜீவாமிர்தத்த சொம்புல மொண்டு வேர்ல ஊத்திருங்க. கீரைக்கும் இது ஒத்து வராது, பாத்தி பூரா நெருக்கமா முளைக்கறதுக்கு டிரிப்பர் எங்க எங்க நட்டு வெப்பீங்க, பூவாளி தான். விதை போட்ட பாத்திக்கும் முளைச்சு நாலு எலை விடற வரைக்கும் பூவாளி தான், மேல் மண்ணு காயக்கூடாது, டிரிப்பர் அடி மண்ண தான் நனைக்கும். எங்க அத்தைக்கு இதுல சந்தோஷம், அவங்களுக்குன்னு ஒரு பாத்தி மிச்சமாச்சு, நின்னுகிட்டே ஊத்திக்கறாங்க.

மானியம் கெடைக்குமான்னு எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா கேட்டாங்க. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு சிறு குறு விவசாயிங்களுக்கு 100 சதவீதம், மத்த விவசாயிங்களுக்கு 75 சதவீதம் மானியம் தமிழ்நாட்டுல இருக்கு, ஆனா சிட்டா, அடங்கல் எல்லாம் கேப்பாங்க, அது விவசாய நெலத்துக்கு. வீட்டு மனைக்கு கேட்டுட்டு நடக்காதீங்க. 1,700 ரூபாய்ல முடியற வேலை.

மார்க் போடணும்னா டைமருக்கு 5க்கு 4, அந்த பேட்டரி லைட்டுக்காக ஒண்ணு கொறைச்சாச்சு. டியூப், டிரிப்பர், குச்சிக்கு ஒண்ணு, அதுவும் அந்த குச்சி மிளகா நாத்துக்கு முட்டு குடுக்க ஒதவுதுங்கறதால. புக்குக்கு சைபர். கிட்டா வாங்காதீங்க, பால் வால்வு டைமர் மட்டும் தனியா 1,500ல இருந்து 2,000 வரைக்கும் கெடைக்குது, மத்தத உங்க ஊர் டிரிப் கடைல வாங்குங்க, போறதுக்கு முன்னாடி டேங்க்கோட அடி தரைல இருந்து எத்தன அடின்னு அளந்துட்டு போங்க, செடி வரிசைய ஒரு பேப்பர்ல வரைஞ்சுட்டு போனா பைப் எவ்ளோன்னு அவங்களே சொல்லிருவாங்க.

பத்து செடிக்கு கம்மியா இருக்கறவங்க டைமர் கூட வாங்க வேண்டாம். வாய் குறுகுன பழைய மண்பானைல அடில சின்ன ஓட்டை போட்டு துணித்திரி சொருகி செடிக்கு பக்கத்துல பொதைச்சு வெச்சா தண்ணி தானா கசியும். தென்னங்கன்னுக்கு அப்படித்தான் வெப்பாங்க, ரெண்டு மூணு நாள் ஊருக்கு போனாலும் தாங்கும், மூடி மட்டும் போட்டு வைங்க, இல்லாட்டி கொசு முட்டை வெச்சுரும்.